மலிவு டேப்லெட் வாங்கலாமா? பினாங்கில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாயான் லெப்பாசில் ஒரு சில்லுத் தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில் 19 ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். அந்த ஒரு காரணம் போதும், ஆயர் ஈத்தாமில் எங்கள் அடுக்குமாடியில் யார் வீட்டில் எந்த மின்சாமான் படுத்தாலும் என் கதவுதான் தட்டப்படும். ரைஸ் குக்கர்கூட வந்திருக்கிறது. தீபாவளி நெருங்கினால், அப்புறம் நவம்பரில் இணையக் கடைகளின் 11.11 மலிவு விற்பனை வந்தால், கைப்பேசியில் ஒரு விளம்பரத்தை நீட்டி "அண்ணே, இந்த டேப்லெட் வாங்கலாமா?" என்று கேட்பவர்கள் கூடிவிடுவார்கள். படிக்கட்டில் நின்றபடி அரைகுறையாகச் சொன்ன பதில்களை இங்கே முழுதாக எழுதி வைக்கிறேன்.

ஒரே வரியில் சொல்லுங்கள். வாங்கலாமா, வேண்டாமா?

ஒரே ஒரு சின்ன வேலைக்கு என்றால் வாங்கலாம். பிள்ளையின் படிப்பு, வங்கிக் கணக்கு, அலுவலக வேலை என்றால் வேண்டாம்.

எவ்வளவு விலை இருந்தால் "மலிவு" என்கிறீர்கள்?

என் கணக்கில் 350 வெள்ளிக்குக் (மலேசிய ரிங்கிட்) கீழே புதிதாக விற்கும் டேப்லெட், அதுவும் பெட்டியில் நாம் கேள்விப்பட்டே இராத பெயர் போட்டது. பல நேரம் அந்தப் பெயரே ஆறு மாதத்தில் மாறிவிடும். ஒரே அச்சில் வார்த்த பொருளுக்குப் பத்துப் பெயர்கள் இருக்கும். சாம்சங், ஷாவ்மி, லெனோவோ, ஹானர் மாதிரி நிறுவனங்களும் விலை குறைந்த மாடல்கள் விற்கின்றன. அவற்றை நான் இந்தக் கூட்டத்தில் சேர்க்கவில்லை. அவற்றில் வேகம் குறைவாக இருக்கலாம், ஆனால் பெட்டியில் எழுதியிருப்பது உள்ளே இருக்கும்.

180 வெள்ளிக்கு 10 அங்குலத் திரை, 12 ஜிபி ரேம், 512 ஜிபி சேமிப்பு என்று போட்டிருக்கிறதே. எப்படிக் கட்டுப்படியாகிறது?

கட்டுப்படியாகாது. 512 ஜிபி நினைவகச் சில்லை மட்டும் கடையில் தனியாக வாங்கிப் பாருங்கள், அந்த விலையில் பெரும்பகுதி அதற்கே போய்விடும். திரை, பேட்டரி, சார்ஜர், பெட்டி, கப்பல் கூலி, விற்பவரின் லாபம் எல்லாம் மீதிப் பணத்துக்குள் அடங்க வேண்டும்.

நான் பார்த்த வேலையே சில்லுகளைத் தரம் பிரிப்பது. ஒரே சிலிக்கான் வட்டில் செய்த சில்லுகள் எல்லாம் ஒன்றுபோல வருவதில்லை. சூட்டிலும் குளிரிலும் வைத்துச் சோதிப்போம். முழுத் தரத்தில் தேறியது ஒரு தட்டு, வேகம் குறைந்தது இன்னொரு தட்டு, பாதி நினைவகம் மட்டும் நம்பக்கூடியது வேறொரு தட்டு. இதில் தப்பே கிடையாது. பொம்மைக்குள் பாட்டுப் பாடும் சில்லுக்கும் விமானத்தில் போகும் சில்லுக்கும் ஒரே தரம் தேவையில்லை. கீழ்த்தரச் சில்லு எங்கே போய்ச் சேருகிறது, அதன்மேல் என்ன பெயர் எழுதப்படுகிறது என்பதில்தான் தில்லுமுல்லு தொடங்குகிறது.

நான் கண்ட தில்லுமுல்லு இரண்டு வகை. முதல் வகை பாதி உண்மை. ரேம் என்பது திறந்திருக்கும் செயலிகள் ஓடும் தற்காலிக நினைவகம், உள்ளே அது 4 ஜிபி இருக்கும். சேமிப்பிலிருந்து 8 ஜிபியைக் கடன் வாங்கி "மெய்நிகர் ரேம்" என்று சேர்த்து 12 என்று போடுவார்கள். பெயர் பெற்ற நிறுவனங்களும் இதைச் செய்கின்றன, ஆனால் 4+8 என்று பிரித்து எழுதுகின்றன. சேமிப்பு நினைவகம் ரேமைவிடப் பல மடங்கு மெதுவானது. அதனால் இந்தக் கடன் ரேமை நான் கணக்கில் எடுப்பதே இல்லை.

இரண்டாவது வகை அப்பட்டமான பொய். உள்ளே இருப்பது 2 ஜிபி ரேமும் 32 ஜிபி சேமிப்பும். அமைப்புகள் பக்கத்தில் 12, 512 என்று காட்டும்படி மென்பொருளைத் திருத்தியிருப்பார்கள். நீங்கள் படம் எடுக்கிறீர்கள், வீடியோ இறக்குகிறீர்கள், எல்லாம் சரியாகப் போகிறது. உண்மையான இடம் நிரம்பியதும் கோப்புகள் கெட்டுப் போகத் தொடங்கும். சிலவற்றில் புதியது பழையதன் மேலேயே எழுதப்படும். பேத்தியின் காதுகுத்துப் படங்கள் திறக்காமல் போனதாக ஒரு அக்கா கொண்டுவந்தது இந்த ரகம்தான். எனக்கும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

சோதித்துப் பார்க்க வழி உண்டு. கணினியிலிருந்து 60 ஜிபி அளவுக்கு வீடியோக்களை டேப்லெட்டுக்குள் நகலெடுங்கள். முடிந்ததும் முதலில் ஏற்றிய வீடியோவை ஓடவிடுங்கள், நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று. ஓடவில்லை என்றால் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் அனுப்பிவிடுங்கள். சில்லின் விவரத்தைக் காட்டும் இலவசச் செயலிகள் இருக்கின்றன, ஆனால் அவற்றையும் ஏமாற்றும் டேப்லெட்களைப் பார்த்திருக்கிறேன். உள்ளே 32 ஜிபிதான் என்றால் நகல் சோதனையில் தப்ப முடியாது.

புத்தம் புது ஆண்ட்ராய்டு பதிப்பு என்று விளம்பரம். அதாவது உண்மையா?

"டேப்லெட்டைப் பற்றி" என்ற பக்கத்தில் எண்ணை மட்டும் மாற்றி எழுதுவது சுலபம். அங்கே பெரிய எண்ணைக் காட்டிவிட்டு உள்ளே பல ஆண்டு பழைய பதிப்பு ஓடும். செயலி ஒன்றை நிறுவப் போனால் "இந்தச் சாதனத்துக்குப் பொருந்தாது" என்று ப்ளே ஸ்டோர் சொல்லும்போதுதான் குட்டு வெளிப்படும்.

கூகுளின் சொந்தக் கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். 2022இல் வந்த ஆண்ட்ராய்டு 13, கூகுள் செயலிகளோடு ஓட வேண்டும் என்றால் குறைந்தது 2 ஜிபி ரேமும் 16 ஜிபி சேமிப்பும் வேண்டும் என்று வரம்பு போட்டார்கள். அது உயிரோடு இருக்கத் தேவையான அளவு, நிம்மதியாக ஓடத் தேவையான அளவு அதைவிட அதிகம். பழைய பதிப்புகள் ஒவ்வொன்றாகக் கைவிடப்படுவதும் உண்டு. 2025இல் வந்த குரோம் உலாவியின் 139ஆம் பதிப்பு, ஆண்ட்ராய்டு 10க்குக் கீழே உள்ளவற்றை விட்டுவிட்டது. 8, 9 பதிப்புகளில் 138ஓடு நின்றுவிடும்.

எண்ணைவிட முக்கியம், பாதுகாப்புத் திருத்தம் எந்தத் தேதியில் வந்தது என்ற வரி. அதே பக்கத்தில் இருக்கும். வாங்கிய நாளுக்கு இரண்டு, மூன்று ஆண்டு முந்திய தேதி அங்கே இருந்தால், அந்தப் பொருளைச் செய்தவர் அன்றோடு கைகழுவிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பையன் தமிழ்ப்பள்ளியில் 3ஆம் ஆண்டு. பாடத்துக்குப் போதாதா? விளையாடி உடைத்துவிடுவான் என்று பயமாகவும் இருக்கிறது.

உடைப்பான் என்ற கணக்கில் மலிவானதை வாங்குகிற பெற்றோர் நிறையப் பேர். எனக்கு அந்தக் கணக்கு பிடிபடவில்லை. தடித்த ரப்பர் உறை 30, 40 வெள்ளிக்குக் கிடைக்கிறது.

2020 மார்ச் 18இல் கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது. அப்புறம் வீட்டிலிருந்தே பாடம் என்று ஆனபோது எங்கள் மாடியில் வாங்கப்பட்ட மலிவு டேப்லெட்கள் ஏழு. நானே சிலவற்றுக்குக் கணக்கு திறந்து கொடுத்தேன். கூகுள் மீட்டில் ஆசிரியரின் முகம் தெரியும், குரல் வரும். பிள்ளை பாடப்பயிற்சியை வேறொரு சாளரத்தில் திறந்ததும் மீட் மூடிக்கொள்ளும். 2 ஜிபி ரேமில் இரண்டும் ஒன்றாக நிற்காது. மறுபடி நுழைந்தால் ஆசிரியர் அனுமதி கொடுக்க வேண்டும், அவர் முப்பது பிள்ளைகளோடு மல்லுக்கட்டிக் கொண்டிருப்பார். ஏழில் ஐந்து அந்த ஆண்டு முடிவதற்குள் அலமாரிக்குப் போய்விட்டன. அந்தப் பிள்ளைகள் மந்தமானவர்கள் என்று வீட்டில் பேச்சு வேறு வாங்கினார்கள். மந்தமாக இருந்தது கையில் இருந்த பெட்டி.

இன்னொன்று எழுத்து. தமிழ் படிக்கும் பிள்ளைக்கு இது ஆங்கிலம் படிக்கும் பிள்ளையைவிட முக்கியம். 10.1 அங்குலத் திரையில் 1024க்கு 600 புள்ளிகள் என்றால் ஒரு அங்குலத்துக்கு ஏறத்தாழ 117 புள்ளிதான் வரும். அதே அளவுத் திரையில் 1280க்கு 800 என்றால் 149. 11 அங்குலத்தில் 1920க்கு 1200 என்றால் 206. கல்வி அமைச்சின் டெலிமா தளத்திலிருந்து இறக்கிய பாடநூலை 117 புள்ளித் திரையில் முழுப்பக்கமாகத் திறந்து பாருங்கள். ன, ண இரண்டின் சுழியும் ஒரு கறையாகத் தெரியும். "மனம்" என்றா "மணம்" என்றா என்று பிள்ளை யோசிக்கக் கூடாது. பெரிதாக்கிப் படிக்கலாம்தான், ஆனால் பக்கத்தை இடம் வலம் இழுத்துக்கொண்டே எட்டு வயதுப் பிள்ளை எவ்வளவு நேரம் படிக்கும்?

பள்ளிக்கு என்றால் உண்மையான 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பு, அங்குலத்துக்கு 170 புள்ளிக்கு மேல். இதற்குக் கீழே இறங்க வேண்டாம்.

தமிழ் எழுத்து அடிக்க வருமா?

வரும். இன்றைய ஆண்ட்ராய்டில் தமிழ் எழுத்துரு இருக்கிறது, கூகுள் விசைப்பலகையிலும் தமிழ் இருக்கிறது. நம் ஊர் முத்து நெடுமாறனின் செல்லினம் விசைப்பலகையையும் போட்டுக்கொள்ளலாம். 1985இல் முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளைக் கொடுத்தவர் அவர்தான். கணினியில் தமிழ் என்றாலே நான் முதலில் பார்த்தது அதைத்தான்.

அம்மாவுக்குப் பாட்டுக் கேட்க, யூடியூப் பார்க்க வேண்டும். அதற்குமா வேண்டாம்?

இங்கே நான் கட்சி மாறுகிறேன். அதற்கு வாங்கலாம்.

என் அம்மாவுக்கு ஒரு தீபாவளிக்கு இணையத்தில் 159 வெள்ளி கொடுத்து ஒன்று வாங்கினேன். விற்றவர் 8 ஜிபி என்று போட்டிருந்தார், உள்ளே 2 ஜிபிதான். ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறவன் நானே மாட்டிக்கொண்டேன், கெடுவும் தாண்டிவிட்டது. திட்டிக்கொண்டே அதில் இருந்த தேவையில்லாத செயலிகளை எல்லாம் நீக்கி, யூடியூப்பும் அரசு வானொலி, தொலைக்காட்சியின் ஆர்டிஎம் கிளிக் செயலியும் மட்டும் விட்டேன். காலையில் மின்னல் எஃப்எம் தமிழ் வானொலி, மத்தியானம் பழைய பாட்டு, சாயங்காலம் தேவாரம். சமையலறை அலமாரியில் சாய்த்து வைத்தது நான்கு ஆண்டாக ஓடுகிறது. திரையின் ஓரத்தில் மஞ்சள் கறை பட்டிருக்கிறது, அது மஞ்சள்தூளா திரைக் கோளாறா என்று இன்றுவரை தெரியவில்லை.

இப்படிப்பட்ட ஒற்றை வேலைகள் இன்னும் இருக்கின்றன. முறுக்குக் கடையில் விலைப்பட்டியல் காட்ட, வாசல் கேமராவைப் பார்க்க, குடும்பப் படங்களைச் சுவரில் மாறி மாறி ஓடவிட. ஒரு செயலி, ஒரு இடம், எப்போதும் வைஃபை. இந்த மூன்றும் பொருந்தினால் 200 வெள்ளிப் பொருள் தன் காசுக்கு உழைத்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. அம்மா நெட்ஃபிளிக்ஸ் பார்ப்பவர் என்றால், மலிவு டேப்லெட்களில் பெரும்பாலும் படப் பாதுகாப்பு முறையின் கீழ்நிலைதான் இருக்கும். எல்3 என்பார்கள். அதில் நெட்ஃபிளிக்ஸ் 480 வரித் தரத்துக்கு மேல் காட்டாது. பெட்டியில் "முழு எச்டி" என்று எழுதியிருந்தாலும் அதே கதைதான்.

வங்கிச் செயலி போடலாமா? டச் என் கோ மின்பணப்பை?

போடவே போடாதீர்கள்.

ஒரு காரணம், பாதுகாப்புத் திருத்தம் வராது என்று மேலே சொன்னது. அதைவிட மோசமானதும் உண்டு. தொழிற்சாலையிலிருந்து வரும்போதே உள்ளே நச்சு மென்பொருள் இருப்பது. 2023 அக்டோபரில் ஹியூமன் செக்யூரிட்டி என்ற பாதுகாப்பு நிறுவனம் "பேட்பாக்ஸ்" என்று ஒன்றை வெளிப்படுத்தியது. கைப்பேசி, டேப்லெட், தொலைக்காட்சிப் பெட்டி என்று குறைந்தது 74,000 ஆண்ட்ராய்டுச் சாதனங்களில் அதன் அடையாளம் தெரிந்தது. எல்லாம் பெயர் தெரியாத மலிவுச் சரக்கு. 2024 டிசம்பரில் ஜெர்மனியின் இணையப் பாதுகாப்பு அலுவலகம், அந்த நாட்டில் மட்டும் 30,000 சாதனங்களில் இருந்த அதே நச்சின் தொடர்பைத் துண்டித்தது. 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ அதன் அடுத்த வடிவத்தைப் பற்றி எச்சரித்தது. இடையில் 2023இல், அமேசானில் விற்ற ஒரு குழந்தைகள் டேப்லெட்டிலும் நச்சின் தடம் இருந்ததை இஎஃப்எஃப் என்ற இணைய உரிமை அமைப்பு கண்டுபிடித்தது. உங்கள் வீட்டு வைஃபையையே பிறருடைய மோசடிக்கு வழியாகப் பயன்படுத்துவதும் இந்த நச்சு செய்யும் வேலைகளில் ஒன்று. வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது, இணையம் கொஞ்சம் மெதுவாக இருக்கிறதே என்று மட்டும் தோன்றும்.

எல்லா மலிவு டேப்லெட்டிலும் இது இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. எதில் இருக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது என்பதால்தான் வங்கிக் கணக்கை அதன் பக்கமே கொண்டுபோகாதீர்கள் என்கிறேன்.

குறைந்தபட்சம் ஒன்றைப் பாருங்கள். ப்ளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு, அமைப்புகளில் "பற்றி" என்ற பகுதிக்குப் போங்கள். கூகுளின் ப்ளே புரொடெக்ட் பாதுகாப்புச் சான்று பெற்ற சாதனமா இல்லையா என்று அங்கே எழுதியிருக்கும். இல்லை என்றால் மேலே யோசிக்க வேண்டியதில்லை. வாட்ஸ்அப்பில் யாராவது அனுப்பும் ஏபிகே கோப்பை (செயலியை நிறுவும் கோப்பு) எந்தச் சாதனத்திலும் நிறுவாதீர்கள், திருமணப் பத்திரிகை என்று சொன்னாலும் சரி. பணம் போய்விட்டது என்று தெரிந்தால் வங்கிக்கும் 997க்கும் உடனே அழையுங்கள். 2022 அக்டோபரிலிருந்து இயங்கும் தேசிய மோசடி மறுமொழி மையத்தின் எண் அது. மறுநாள் பார்க்கலாம் என்று விட்டால் பணம் கை மாறிவிடும்.

சார்ஜருக்கு இரண்டு கால்தான் இருக்கிறது. மேல் துளையில் பேனாவை விட்டு அழுத்தினால் நுழைகிறதே?

இந்தக் கேள்வியை எழுதும்போதே கை நடுங்குகிறது. நம் நாட்டு மின்புழைக்கு மூன்று கால். மேலே இருக்கும் நீண்ட கால் முதலில் நுழைந்து, கீழே உள்ள இரண்டு துளைகளின் மூடியைத் திறக்கும். பிள்ளைகள் கம்பியை விட்டுவிடக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்தார்கள். பேனா அந்தப் பாதுகாப்பைத் தோற்கடிக்கிறது. இரண்டு கால் சார்ஜர் புழையில் இறுக்கமாகவும் நிற்காது, தளர்ந்த இடத்தில் சூடேறும்.

கூடவே வந்த சார்ஜரை எறிந்துவிட்டு, எரிசக்தி ஆணையத்தின் அங்கீகாரமும் சிரிம் என்ற தர நிறுவனத்தின் முத்திரையும் உள்ள மூன்று கால் சார்ஜர் ஒன்றை வாங்குங்கள். 159 வெள்ளி டேப்லெட்டின் உண்மை விலை 190 ஆகிறது, பரவாயில்லை.

கொம்தார், பிராங்கின் மால் பக்கம் கடையில் வாங்குவதா, இணையத்திலா?

பெயர் தெரியாத பொருள் என்றால் கடைதான். கையில் எடுத்துப் பார்க்கலாம். விலையில் பெரிய வித்தியாசமும் இப்போது இல்லை. 2024 ஜனவரி 1 முதல், வெளிநாட்டிலிருந்து இணையம் வழி வாங்கும் 500 வெள்ளிக்கு உட்பட்ட பொருளுக்கு 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு.

கடையில் நான் செய்வது இது. திரையைப் பக்கவாட்டில் சாய்த்துப் பார்ப்பேன், நிறம் வெளுத்தால் வேண்டாம். வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து விரலால் மெதுவாகக் குறுக்கே கோடு இழுப்பேன், கோடு எங்காவது விட்டுப்போனால் அந்த இடத்தில் தொடுதிரை செத்திருக்கிறது. என் கைப்பேசியிலிருந்து வைஃபை கொடுத்து யூடியூப்பைத் திறந்து ஐந்து நிமிடம் ஓடவிடுவேன். தவுக்கே (கடை முதலாளி) முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். பெட்டியில் தொடர்பு ஆணையமான எம்சிஎம்சியின் முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பேன். வைஃபையும் புளூடூத்தும் உள்ள சாதனத்துக்கு அந்த அங்கீகாரம் வேண்டும். கடைசியாக, "மலேசியா செட்டா, ஏபி செட்டா?" என்று கேட்பேன். ஏபி செட் என்றால் வேறு வழியாக இறக்குமதி ஆனது. பழுதானால் நிறுவனத்தின் உள்ளூர்ச் சேவை மையம் கையை விரித்துவிடலாம், கடைக்காரரின் வாய்ச்சொல்தான் உத்தரவாதம்.

ரசீதில் மாடல் எண்ணையும், ரேம், சேமிப்பு அளவையும் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் வெளியே வந்துவிடுங்கள்.

மெமரி கார்டு போட்டால் வேகமாகுமா?

ஆகாது. பாட்டும் படமும் வைக்க இடம் கிடைக்கும், அவ்வளவுதான்.

பழைய ஐபேட் ஒன்று 400 வெள்ளிக்கு வருகிறது. அது மேலா?

எந்த ஐபேட் என்பதைப் பொறுத்தது. சாதா ஐபேட் வரிசையில் 2017இல் வந்த 5ஆம் தலைமுறை, அதன் இயங்கு மென்பொருளான ஐபேட்ஓஎஸ் 16ஓடு நின்றுவிட்டது. 6ஆம் தலைமுறை 17ஓடு. 2019இல் வந்த 7ஆவது 18 வரை போனது. 2020இல் வந்த 8ஆவது, 26 என்று எண் மாறிய பதிப்பையும் ஏற்றுக்கொள்கிறது. 400 வெள்ளிக்கு 8ஆம் தலைமுறை நல்ல நிலையில் கிடைத்தால், கடையில் இருக்கும் எந்த மலிவு ஆண்ட்ராய்டையும்விட அதைத்தான் நான் எடுப்பேன். 5ஆம் தலைமுறை என்றால் 150க்குக் கொடுத்தாலும் யோசிப்பேன்.

பழையது வாங்கப் போகும்போது ஒரு விஷயத்தில் ஏமாறாதீர்கள். விற்பவர் முன்னிலையிலேயே முழுவதும் அழித்து, முதல் திரையிலிருந்து புதிதாகத் தொடங்கச் சொல்லுங்கள். முந்தைய உரிமையாளரின் ஆப்பிள் கணக்கைக் கேட்டால் அது பூட்டிய ஐபேட், நீங்கள் வாங்குவது ஒரு கண்ணாடித் துண்டு. "இந்த ஐபேட் ஒரு நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது" என்ற பொருளில் ஏதாவது வந்தாலும் வேண்டாம். பட்டர்வொர்த்திலிருந்து பெர்ரி ஏறி வந்து ஒருவர் எனக்குக் காட்டியது அந்த ரகம், வாங்கி மூன்று நாள் ஆகியிருந்தது. விற்றவரின் எண் அதற்குள் செத்துவிட்டது.

சரி, எவ்வளவு பணம் ஒதுக்க வேண்டும்?

500 முதல் 800 வெள்ளி. இந்த எல்லைக்குள் சாம்சங் கேலக்ஸி டேப் ஏ9 (8.7 அங்குலம், 1340க்கு 800), ரெட்மி பேட் எஸ்இ (11 அங்குலம், 1920க்கு 1200) வரிசையில் உள்ளவை அல்லது அவற்றுக்குப் பின் வந்தவை மலிவு விற்பனையின்போது அகப்படும். வரைவதற்கும் படிப்பதற்கும் பெரிய திரை, பையில் போட்டுக்கொண்டு பேருந்தில் போக என்றால் சிறியது. 500 இப்போது கையில் இல்லை என்றால் மூன்று மாதம் பொறுங்கள். 200 வெள்ளிப் பொருளை இரண்டு ஆண்டில் மூன்று முறை வாங்கிய குடும்பம் எங்கள் மாடியிலேயே இருக்கிறது.

அரசாங்கமே மலிவு டேப்லெட் செய்து கொடுத்தால் என்ன?

இந்தியாவில் செய்து பார்த்தார்கள். 2011 அக்டோபர் 5இல் அன்றைய மனிதவள மேம்பாட்டு அமைச்சர் கபில் சிபல் "ஆகாஷ்" டேப்லெட்டை அறிமுகம் செய்தார். டேட்டாவிண்ட் நிறுவனத்திடம் அரசு கொடுத்த விலை 2,276 ரூபாய், அப்போதைய கணக்கில் ஏறத்தாழ 50 அமெரிக்க டாலர். 7 அங்குலத் திரை, 256 எம்பி ரேம், ஆண்ட்ராய்டு 2.2. விரலால் தடவினால் போதாது, அழுத்த வேண்டிய வகைத் திரை. மாணவர் கையில் கணினி என்ற எண்ணம் அருமையானது. பொருள் மெதுவாக இருந்தது, பேட்டரி சீக்கிரம் தீர்ந்தது, குறைகள் குவிந்தன.

2015இல் அமேசான் 50 டாலருக்கு ஒரு ஃபயர் டேப்லெட் கொண்டுவந்தது, அது நன்றாகவே விற்றது. விலையைக் குறைக்க அவர்களிடம் வேறு வழி இருந்தது. பூட்டுத்திரையில் விளம்பரம், அவர்கள் கடையின் புத்தகம், படம், பாட்டு. கூகுள் ப்ளே அதில் கிடையாது. பெயர் தெரியாத தொழிற்சாலைக்கு விற்க அப்படி வேறு எதுவும் இல்லை, மிச்சம் பிடித்தால் பொருளில்தான் பிடிக்க வேண்டும்.

பேட்டரி வீங்கித் திரை தூக்கிக்கொண்டு நிற்கிறது. என்ன செய்ய?

சார்ஜ் போடுவதை இந்த நிமிடமே நிறுத்துங்கள். அமுக்கிப் பார்க்காதீர்கள், குத்தாதீர்கள். பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில், துணி, காகிதம் எதுவும் பக்கத்தில் இல்லாமல் சிமெண்டுத் தரையில் வையுங்கள். வீட்டுக் குப்பையில் போடக் கூடாது. சுற்றுச்சூழல் சட்டத்தில் மின்கழிவுக்கு எஸ்டபிள்யூ 110 என்று தனி வகையே இருக்கிறது. மின்கழிவு வாங்கும் மையத்தில் கொடுங்கள். நாள் முழுக்கச் சார்ஜரிலேயே விட்டுச் சுவரில் மாட்டிய டேப்லெட்களில்தான் இதை அதிகம் பார்த்திருக்கிறேன். நம் ஊர் வெக்கையும் சேர்ந்துகொள்கிறது. படச்சட்டமாக மாட்டியவர்கள் இரவில் சார்ஜரைக் கழற்றிவிடுங்கள்.

ஏமாந்துவிட்டேன். 200 வெள்ளிக்காக யாரிடம் போய் நிற்பது?

முதலில் வாங்கிய தளத்திலேயே, திருப்பி அனுப்பும் கெடுவுக்குள் புகார் போடுங்கள். "கெட்டுப்போய்விட்டது" என்று எழுதாதீர்கள், "விளம்பரத்தில் 8 ஜிபி, பொருளில் 2 ஜிபி" என்று எழுதி, இரண்டு திரையின் படத்தையும் சேருங்கள். பெட்டியைப் பிரிப்பதையே கைப்பேசியில் வீடியோ எடுத்து வைப்பது என் வழக்கம், அம்மாவின் டேப்லெட்டுக்குப் பிறகு வந்த ஞானம்.

விற்றவர் உள்ளூர்க்காரராக இருந்து மசியவில்லை என்றால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்தது. மனுக் கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரை கோரலாம், மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும், வழக்கறிஞர் வைத்துக்கொள்ள முடியாது, உங்கள் வழக்கை நீங்களே பேசலாம். எப்படி எழுதுவது என்று தெரியாவிட்டால் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் கேளுங்கள், தமிழில் பேசலாம். 200 வெள்ளிக்காக இவ்வளவா என்று நினைப்பவர்கள் பலர். விற்கிறவரும் அதை நம்பித்தான் விற்கிறார்.

அண்ணே, இதையெல்லாம் படிப்பதற்கு முன்பே வாங்கிவிட்டேன். திருப்பவும் முடியாது.

சரி, கவலையை விடுங்கள். அதைத் தொழிற்சாலை நிலைக்கு அழித்துவிட்டுத் தொடங்குங்கள். உங்கள் முக்கியமான ஜிமெயிலைக் கொடுக்காமல் புதிதாக ஒன்று திறந்து கொடுங்கள். தெரியாத செயலிகளை நீக்குங்கள், நீக்க முடியாததை முடக்குங்கள். உங்கள் வைஃபை மோடத்தில் விருந்தினருக்கான தனி இணைப்பு இருந்தால் அதில் மட்டும் விடுங்கள். கேமராவின்மேல் ஒரு ஸ்டிக்கர். மூன்று கால் சார்ஜர்.

அப்புறம் அதற்கு ஒரு வேலை கொடுங்கள், ஒன்றே ஒன்று. யோசனை வராவிட்டால் சமையலறைக்குக் கொண்டுபோய் மின்னல் எஃப்எம் வையுங்கள்.